கப்பலுக்குப் பக்கத்தில் ஒரு தேநீர் வட்டம்

என்னைப் பற்றி நானே எழுதினால் பாதி புளுகாகத்தான் இருக்கும் என்று என் மனைவி ஃபுமியே சொல்கிறாள். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ‘விண்கப்பல் மிசாகோ’ என்ற கார்ட்டூன் தொடரில் வரும் அந்தக் கப்பலை நான் வரையவில்லை. இந்த ஒரு வரியை வாய்விட்டுச் சொல்ல எனக்கு இருபத்தாறு வருடமும் ஒரு நீதிமன்றமும் தேவைப்பட்டன.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூன்றில் எனக்கு இருபத்தைந்து வயது. டோக்கியோவில், ஓகிகுபோ ரயில் நிலையத்துக்குப் பின்னால், ஒரு ஊறுகாய்க் கடைக்கு மாடியில் குமகெரா ஸ்டூடியோ இருந்தது. அங்கே என் பதவிக்கு ‘தயாரிப்பு முன்னேற்றப் பொறுப்பாளர்’ என்று பெயர். ஊரில் அம்மா அதைக் கேட்டுவிட்டு அக்கம்பக்கத்தில் இனிப்பு கொடுத்தாளாம். வேலை என்னவென்றால் வண்டி ஓட்டுவது. படம் வரைகிறவர்கள் அவரவர் வீட்டில் உட்கார்ந்து வரைவார்கள். நான் வீடு வீடாகப் போய் வரைந்த தாள்களை வாங்கி உறையில் போட்டுக்கொண்டு வர வேண்டும். வரைந்து முடிக்கவில்லை என்றால் முடிக்கும்வரை அங்கேயே உட்கார்ந்து பாவமாக முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும். இந்த இரண்டாவது வேலையில் நான் கெட்டிக்காரன்.

கப்பலை வரைந்தவர் மகினோ செட்சு. அப்போது அவருக்கு முப்பத்து நான்கு வயது. ஸ்டூடியோவின் ஊழியர் அல்ல, அசகாயாவில் ஒற்றை அறையில் தனியாக இருந்து எங்களுக்கும் வேறு இடங்களுக்கும் வரைந்து கொடுத்தவர். ஒப்பந்தம் என்று ஒரு தாள் கிடையாது. எங்கள் முதலாளி போனில், “ஒரு கப்பல் வேணும், பார்த்துப் பண்ணிக் கொடுங்க” என்றார். மகினோ சான், “சரி, பார்க்கிறேன்” என்றார். பெயரோடு ‘சான்’ சேர்ப்பது எங்கள் ஊர் மரியாதை. இந்தத் தொழிலில் எல்லாருக்கும் ஒப்பந்தம் இப்படித்தான். தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டால், என்னை நம்பவில்லையா என்று ஆகிவிடும். அப்படி ஒருவரை ஒருவர் நம்பித்தான் பிற்காலத்தில் அத்தனை பேரும் நீதிமன்றத்தில் போய் நின்றோம்.

மிசாகோ என்றால் விரால் அடிப்பான். தண்ணீரில் பாய்ந்து இரண்டு காலாலும் மீனைப் பிடித்துத் தூக்குமே, அந்தப் பறவை. கப்பலும் அதே மாதிரி இறக்கையை மடக்கி, காலை நீட்டி, எதிரியின் கலத்தைக் கவ்வும். அதை மகினோ சான் வரைந்து முடித்த மத்தியானம் நான் அந்த அறையில்தான் இருந்தேன். என் பங்களிப்பு, தேநீர் போட்டது. கெட்டில் எங்கே இருக்கிறது என்று அவரையே இரண்டு முறை கேட்டுத் தொந்தரவு செய்துவிட்டுத்தான் அதையும் போட்டேன்.

தொடர் ஜப்பானில் சுமாராக ஓடியது. அமெரிக்காவில் வாங்கி, வெட்டி, ஒட்டி, கப்பலுக்கு வேறு பெயர் வைத்து ஓட்டினார்கள். அங்கே பிய்த்துக்கொண்டு போனதாம். எங்களுக்கு அது பத்து வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

அந்தப் பத்தாவது வருடம்தான் என் வாய் என்னை மாட்டிவிட்டது. ரசிகர் பத்திரிகை ஒன்று ‘மிசாகோ’வுக்குச் சிறப்பிதழ் போட்டது. மகினோ சானையும் என்னையும் உட்கார வைத்துப் பேட்டி எடுத்தார்கள். அதற்குள் நான் ஸ்டூடியோவில் மேலாளர் ஆகியிருந்தேன். திறமையால் அல்ல, எனக்கு மேலே இருந்தவர்கள் எல்லாரும் வேலையை விட்டுப் போயிருந்தார்கள். மேசையில் கிரீம் பஃப் ஒரு தட்டு. ஆசிரியர் கேட்டார், இந்தக் கப்பல் எப்படிப் பிறந்தது என்று.

எங்கள் ஊரில் பாராட்டு என்பது பந்து மாதிரி. நம் பக்கம் வந்தால் உடனே எதிர்ப்பக்கம் தட்டிவிட வேண்டும். அவர் நம் பக்கம் தட்டுவார், நாம் திரும்பத் தட்ட வேண்டும். மூன்று தடவை போய்வந்ததும் எல்லாரும் சிரிப்பார்கள், பந்து யாருடையது என்று எல்லாருக்கும் தெரிந்திருக்கும். மகினோ சான் என்னைக் காட்டி முறைப்படி ஆரம்பித்தார்.

“நான் என்ன பண்ணினேன், கையை அசைச்சேன், அவ்வளவுதான். அது இவாகிரி சான் மனசுல இருந்த கப்பல். உண்மையில வரைஞ்சது அவர்னே வெச்சுக்கோங்க.”

நான் பதறிப்போய், ‘ஐயையோ, நான் தேநீர் போட்டவன்’ என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் நிறைய கிரீம் இருந்தது என்று பல வருடம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வாயில் எது இருந்தாலும் நான் பேச்சை நிறுத்தி அவள் பார்த்ததில்லை என்கிறாள் ஃபுமியே. நிஜம் என்னவென்றால், அது இனித்தது. பஃப்பைச் சொல்லவில்லை. நான் விழுங்கிவிட்டுச் சொன்னேன்:

“ஏதோ, நம்மால முடிஞ்சது.”

மகினோ சான் ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டிச் சிரித்தார். அது அப்படியே அச்சில் வந்தது.

அதற்கப்புறம் என்னைப் பிடிக்க முடியவில்லை. ஓகிகுபோவில் தொகியே அக்காவின் மதுக்கடையில் அந்தப் பக்கத்தைச் சட்டம் போட்டு மாட்டினேன். கப்பல் படம் போட்ட சுவரொட்டியில் கையெழுத்துக் கேட்டவர்களுக்குப் போட்டுக் கொடுத்தேன். கேட்காதவர்களுக்கும் போட்டுக் கொடுத்தேன். ஆறு வருடத்தில் ஸ்டூடியோ மூடப்பட்டு, நான் ரயில் நிலையத்தின் சைக்கிள் நிறுத்தத்தில் காவலுக்குப் போன பிறகு பீலா இன்னும் ஏறியது. சைக்கிளை வரிசையாக அடுக்கிக்கொண்டே, ‘அந்த இறக்கை மடங்குது பாருங்க, அதுக்கு நான் தூங்காம யோசிச்சேன்’ என்று கல்லூரிப் பையன்களிடம் கதை விடுவேன். கொஞ்ச காலத்தில் எனக்கே அது நினைவு மாதிரி ஆகிவிட்டது.

இரண்டாயிரத்துப் பதினெட்டில் மகினோ சானுக்கு அறுபத்தொன்பது வயது. தன் பழைய வரைபடங்களைத் தொகுத்து ஒரு புத்தகம் போட்டார், கிச்சிஜோஜியில் சின்னதாக ஒரு கண்காட்சி வைத்தார். மூன்றாவது நாளே வக்கீல் கடிதம் வந்தது. குமகெராவின் உரிமைகளை எல்லாம் வாங்கி வைத்திருந்த தோயோமினே என்ற நிறுவனம் அனுப்பியது. மிசாகோ கப்பல் எங்களுடையது, அனுமதி இல்லாமல் அச்சடித்திருக்கிறீர்கள், புத்தகங்களை அழித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் வழக்கு. தான் வரைந்த கப்பலைத் தானே திருடியதாக அவருக்குக் குற்றச்சாட்டு. அமெரிக்காவில் புதிதாக ஒரு பெரிய படம் எடுக்க ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. கப்பல் யாருடையது என்பதைச் சுத்தமாக எழுதிக் கொடுத்தால்தான் படம் என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்லிவிட்டார்களாம்.

வழக்குப் போட்ட பிறகு, தோயோமினேயிலிருந்து ஒசானாய் என்றொரு மனிதர் சைக்கிள் நிறுத்தத்துக்கே என்னைத் தேடி வந்தார். நல்ல கோட்டு, கையில் உயர்ந்த கடையின் பயறு இனிப்புப் பெட்டி. சைக்கிள் நிறுத்தத்தில் யாரும் என்னைப் பார்த்து அவ்வளவு குனிந்ததில்லை. சட்டத்தை அவர்தான் எனக்குப் புரியவைத்தார். என்னைப் போல ஸ்டூடியோவின் ஊழியர் வரைந்திருந்தால் கப்பல் ஸ்டூடியோவுக்கு, அதாவது இப்போது அவர்களுக்கு. வெளியாள் வரைந்து, ஒப்பந்தமும் இல்லை என்றால், கப்பல் வரைந்த கைக்கே. அந்தப் பத்திரிகைப் பக்கத்தை உறையிலிருந்து எடுத்து என் முன்னால் வைத்தார்.

“நீங்க புதுசா ஒண்ணும் சொல்ல வேண்டாம், இவாகிரி சான். இதுல சொன்னதையே நீதிமன்றத்துல ஒருதடவை சொன்னாப் போதும். படத்துல முதல் பெயரா வரும். மூல வடிவமைப்பு, இவாகிரி ஹிதெமாசா.”

நான், “யோசிச்சுப் பார்க்கிறேன்” என்றேன். எங்கள் ஊரில் இப்படிச் சொன்னால் முடியாது என்று அர்த்தம். ஒசானாயும் முகம் வாடித்தான் போனார். பாவம், அவருக்குத் தெரியாது, நான் உண்மையிலேயே யோசித்தேன். மூன்று நாள் யோசித்தேன். ஒரு நாளில் முடிவெடுத்தேன் என்று இங்கே எழுத ஆசையாகத்தான் இருக்கிறது, ஃபுமியே பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள்.

அந்த மூன்று நாளும் அவள் இனிப்பை வெட்டி வெட்டிச் சாப்பிட்டாள். பெட்டி காலியானதும் கேட்டாள்.

“நம்ம வீட்டுக் காலண்டர்ல பூனை டாக்டருக்குப் போற நாளுக்கு ஒரு பூனை வரைஞ்சீங்களே, ஞாபகம் இருக்கா?”

“அதுக்கு என்ன?”

“நான் அதைக் கெட்டில்னு நினைச்சு, அன்னிக்குக் கெட்டிலை ரிப்பேருக்குக் கொடுத்துட்டு வந்தேன்.”

அவ்வளவுதான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடேயே ரயிலேறி, மகினோ சான் இப்போது இருக்கும் மிதாகாவுக்குப் போனேன். அவரிடம் ஆலோசனை கேட்கப் போகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். போனது அனுமதி கேட்கத்தான்.

கூடம் முழுக்கப் புத்தகக் கட்டுகள். கண்காட்சியிலிருந்து திரும்பிவந்த படச் சட்டங்கள் சுவரைப் பார்த்துச் சாத்தியிருந்தன. நான் வாயைத் திறக்கும் முன்பே அவர் சொல்லிவிட்டார்.

“அவங்க உங்ககிட்டயும் வந்திருப்பாங்க. நீங்க வரைஞ்சதுன்னே சொல்லிடுங்க, இவாகிரி சான். எனக்குச் சண்டை போடத் தெரியாது. புத்தகத்தை எரிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு மட்டும் எடுத்து வெச்சுக்கலாமான்னு வக்கீலைக் கேட்கணும்.”

நான் கேட்க வந்தது கையில் கிடைத்துவிட்டது. வாங்கிக்கொண்டு எழுந்து வந்திருக்கலாம். தேநீர் கொண்டுவர அவர் உள்ளே போனார். நான் சும்மா இருக்க மாட்டாமல் ஒரு சட்டத்தைத் திருப்பிப் பார்த்தேன். மிசாகோவின் முதல் தாள். பென்சில் கோடுகள், ஓரத்தில் தேதி. கப்பலுக்குப் பக்கத்தில், வலது கீழ் மூலையில், பழுப்பாக ஒரு வட்டம். தேநீர்க் கோப்பையின் அடி. நான் வைத்த கோப்பை. அன்று அதைப் பார்த்து அவர் ஐயோ என்று துடைத்ததும், நான் நூறு தடவை மன்னிப்புக் கேட்டதும் ஞாபகம் வந்துவிட்டது. அதற்கு அடியில் இருந்த தாள் கட்டுக்குள் பறவைக் கால்கள் மட்டும் இருநூறு தாள் இருக்கும். ஒரு குளிர்காலம் முழுக்க ஆற்று முகத்துவாரத்தில் உட்கார்ந்து வரைந்தவை. நான் தூங்காமல் யோசித்ததாகச் சொன்ன அந்த இறக்கை, எழுபது எண்பது தாளில் கொஞ்சம் கொஞ்சமாக மடங்கிக்கொண்டே வந்தது.

எனக்கு வெட்கத்தில் காது எரிந்தது. அவர் தேநீர் கொண்டுவந்தார். கோப்பையைத் தாள்களுக்கு எட்டாத தூரத்தில், தரையில் வைத்துக் குடித்தேன். பிறகு நேரே அவருடைய வக்கீல் நாகுமோவிடம் போனேன்.

நாகுமோவுக்கு முப்பது வயதுகூட இருக்காது. என்னைப் பார்த்ததும் அழுதுவிடுவாள் போலிருந்தது. மகினோ சானோடு மல்லுக்கட்டி அவளுக்கு அலுத்துப்போயிருந்தது. யார் வரைந்தது என்று எத்தனை தடவை ஒத்திகை பார்த்தாலும், ‘எல்லாரும் சேர்ந்து பண்ணினோம், நான் கொஞ்சம் உதவி பண்ணினேன்’ என்றுதான் அவர் சொல்கிறாராம். எழுபது வருடமாகப் பாராட்டைத் தட்டிவிட்டுப் பழகிய கை, நீதிமன்றம் என்றால் மட்டும் எப்படிப் பிடித்துக்கொள்ளும்? நீதிபதி முன்னால் இதையே சொன்னால் கதை முடிந்தது என்றாள்.

அடுத்த வருடம் ஜூன் மாதம் சாட்சி சொல்லப் போனேன். தொகியே அக்கா கடையை மூடிவிட்டு வாடிக்கைக்காரர்களைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். ஃபுமியே முன்வரிசையில். உண்மையே சொல்வேன் என்று உறுதிமொழி படித்து அதில் முத்திரை குத்தினேன். ஆபீஸ் பழக்கம், மேலதிகாரியைப் பார்த்துத் தலைகுனிகிற மாதிரி முத்திரையைச் சாய்த்துக் குத்திவிட்டேன். குமாஸ்தா அதை ஒரு மாதிரி பார்த்தார்.

நாகுமோ கேட்டதற்கெல்லாம் சொன்னேன். வரையவில்லை. வால், இறக்கை, கால், எதுவும் நான் சொன்னதில்லை. தேநீர் போட்டேன், வண்டி ஓட்டினேன். பிறகு அவள் நீதிபதியிடம் அனுமதி வாங்கி, ஒரு தாளையும் பென்சிலையும் கொடுத்து மிசாகோவை வரையச் சொன்னாள். நான் மனசாரத்தான் வரைந்தேன். நாக்கைக் கடித்துக்கொண்டு வரைந்தேன். அதைப் பெரிய திரையில் போட்டார்கள். கத்தரிக்காய்க்கு இரண்டு பக்கமும் செருப்பு மாட்டிய மாதிரி இருந்தது. பின்வரிசையில் யாரோ இருமினார்கள், தொகியே அக்காதான்.

தோயோமினே வக்கீல் எழுந்தார். என் கையெழுத்துப் போட்ட சுவரொட்டிகளின் போட்டோக்களை வரிசையாகக் காட்டினார். இதெல்லாம் ஏன் போட்டீர்கள் என்றார்.

“பெருமைக்கு.”

“அப்போ இருபத்தாறு வருஷமா பொய் சொல்லியிருக்கீங்க. இன்னிக்கு மட்டும் உண்மை சொல்றீங்கன்னு எப்படி நம்புறது? வேணும்னே மோசமா வரைய யாராலும் முடியும்.”

அவர் கேட்டதில் தப்பே இல்லை. என் புளுகு என் உண்மையையும் சேர்த்துத் தின்றுவிட்டது. அப்போது நாகுமோ ஒரு அட்டைப் பெட்டியைத் திறந்தாள். என்னிடம் அவள் மூச்சுக்கூட விட்டதில்லை. உள்ளே என் புத்தாண்டு அட்டைகள். எங்கள் ஊரில் பன்னிரண்டு வருடச் சுற்றில் வருடத்துக்கு ஒரு விலங்கு உண்டு. ஒவ்வொரு வருடமும் அந்த விலங்கைக் கையாலேயே வரைந்து எல்லாருக்கும் அனுப்புவது என் வழக்கம். அச்சடித்ததை அனுப்பினால் மரியாதை இல்லை என்று நினைப்பவன் நான். எண்பத்து நான்கிலிருந்து மகினோ சான் ஒன்றைக்கூட எறியாமல் வைத்திருந்தார். தபால் நிலையத்தில் வாங்கிய அட்டைகள், ஒவ்வொன்றிலும் வருடம் அச்சாகியிருந்தது.

ஒவ்வொன்றாகத் திரையில் வந்தது. எலி வந்தது. மாடு வந்தது. புலி வந்தது. குதிரை, ஆடு, பன்றி வந்தன. எல்லாம் ஒரே பிராணி. பாம்புக்கும் காது இருந்தது. பெருமையடித்துக்கொள்ள ஆரம்பிப்பதற்கு முன்னால் பத்து வருடம், அதற்குப் பின்னால் இருபத்தாறு வருடம், என் கையில் ஒரு முன்னேற்றமும் இல்லை. நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், ரொம்ப நேரம் துடைத்தார். எதிர்வக்கீல் உட்கார்ந்துவிட்டார். என் வாழ்க்கையில் நான் வரைந்ததை எல்லாம் ஒரே நேரத்தில் அத்தனை பேர் பார்த்தது அன்றுதான்.

அடுத்து மகினோ சான். நாகுமோ கேட்டாள், கப்பலை வரைந்தது யார் என்று. நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் மெதுவாக, அது அப்போது இருந்த எல்லாருடைய உழைப்பும்தான் என்று ஆரம்பித்தார். நாகுமோவின் தோள் தொங்கிப்போனது. போச்சு, கத்தரிக்காய் வரைந்ததும் வீண் என்று நினைத்தேன்.

திரையில் மறுபடி என் கப்பல் படத்தைப் போட்டிருந்தார்கள். பேசிக்கொண்டே மகினோ சான் அதைப் பார்த்தார். பேச்சு நின்றது. இன்னொரு தடவை பார்த்தார். அவர் நெற்றி சுருங்கியது. முப்பத்தைந்து வருடப் பழக்கத்தில் அந்த முகத்தில் நான் கோபத்தைப் பார்த்ததே இல்லை.

“இறக்கை அங்கேர்ந்து வராது” என்றார்.

நீதிபதி, என்ன சொன்னீர்கள் என்று கேட்டார்.

“இறக்கை அங்கேர்ந்து வராதுங்க. அப்படி வெச்சா கால் மடங்கவே மடங்காது. பறவையைப் பார்த்திருந்தா இப்படிப் போட மாட்டாங்க. ஒரு பென்சில் கொடுங்க.”

பென்சில் கொடுத்தார்கள். என் தாளிலேயே, என் கத்தரிக்காய்க்கு மேலேயே வரைந்தார். திரையில் கை மட்டும் தெரிந்தது. நாலைந்து நிமிடம் அது நிற்கவே இல்லை. என் கோணல் கோடுகளுக்கு உள்ளிருந்து மிசாகோ எழுந்து காலை நீட்டியது. அவர் பென்சிலைக் கீழே வைத்தார்.

“இது என்னோடது. நான் வரைஞ்சது” என்றார். சொல்லிவிட்டு, யாராவது மறுக்கப் போகிறார்களா என்று சுற்றிப் பார்த்தார். அவருக்குத் திருப்பித் தட்ட அங்கே யாரும் இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஃபுமியே கைக்குட்டையை எனக்குக் கொடுக்கவில்லை, அவளுக்கே வேண்டியிருந்தது.

ஏழு மாதம் கழித்துத் தீர்ப்பு வந்தது, தோயோமினேயின் வழக்குத் தள்ளுபடி. அதற்கடுத்த மாதம் அமெரிக்கக்காரர்கள் நேரே மிதாகாவுக்கு வந்து அனுமதி கேட்டார்கள். யாரோ சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும், பயறு இனிப்புப் பெட்டியோடு வந்தார்களாம். தன் பெயரைச் சரியாகப் போட வேண்டும் என்று மட்டும் சொன்னாராம் மகினோ சான். எத்தனாவது பெயராக என்று அவர்கள் கேட்டதற்கு, முதலாவதாக என்றாராம்.

தொகியே அக்கா கடையில் அந்தப் பத்திரிகைப் பக்கத்தை எடுத்துவிடச் சொன்னேன். அவள் எடுக்கவில்லை, பக்கத்தில் என் பன்றி வருட அட்டையையும் சட்டம் போட்டு மாட்டிவிட்டாள். இப்போது புதிதாக வருகிறவர்களுக்கு இரண்டையும் காட்டிக் கதை சொல்கிறாள், நான் குடிப்பதற்குக் குனிந்த தலை நிமிராமல் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

போன மாதம் மகினோ சானின் புத்தகம் இரண்டாம் பதிப்பு வந்தது. ஒன்று எனக்குத் தபாலில் அனுப்பியிருந்தார். முதல் பக்கத்தில் முதல் தாள். அச்சகத்தில் அந்தப் பழுப்பு வட்டத்தை நீக்கிவிடலாம் என்று சொன்னார்களாம், அவர் கூடாது என்றுவிட்டாராம். படத்துக்குக் கீழே அவர் கையெழுத்திலேயே இரண்டு வரி இருந்தது.

கப்பல்: மகினோ செட்சு.
வட்டம்: இவாகிரி ஹிதெமாசா.